ஓடும்போது மட்டும் வரும் சத்தம்: கவ்வி மைக் வைத்து இடத்தைப் பிடிப்பது எப்படி?

கடை வாசலில் நிற்கும்போது கார் சமர்த்தாக இருக்கும். 60-ஐத் தாண்டினால்தான் ‘ஊங்’ என்று இரையும். வேகத்தடையில் ஏறி இறங்கினால்தான் ‘லொடக்’ என்னும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வண்டியின் எடை அப்போது, சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கின் மேல் இல்லை, வேகமும் இல்லை. பிறகு நடப்பது ஊகம்தான். ‘முன்னாடி லெஃப்ட்ல இருந்து வருது’ என்று ஒருவர் சொல்ல, அந்தப் பேரிங்கை மாற்றிக் கூலியும் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே அதே ஊங்.

காதை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். இரும்பில் 5,000 மீட்டருக்கு மேல் போகும். காரின் கூடு முழுக்க ஒன்றோடொன்று வெல்டு செய்யப்பட்ட தகடு. வலது பின் சக்கரத்தில் பிறந்த அதிர்வு ஓட்டுநர் காலடித் தகட்டை ஆட்டினால், அவர் காதுக்குச் சத்தம் முன்னாலிருந்து வருவதாகத்தான் படும். கனத்த, தாழ்ந்த ஒலி என்றால் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்து சேரும்; திசை பிடிபடவே பிடிபடாது. அதனால் காதை வண்டிக்குள் வைத்துக்கொண்டு தேடாமல், சந்தேகப்படும் பாகத்தின் மேலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அதற்கான கருவிதான் கவ்வி மைக் செட். சேசிஸ் இயர் என்ற பெயரில் கடைகளில் கேட்கலாம். முதலைவாய்க் கவ்வியில் பொருத்திய சிறு மைக்குகள், வழக்கமாக நான்கு அல்லது ஆறு, நீண்ட வயர்கள், எந்த மைக்கைக் கேட்பது என்று திருப்பும் பொத்தான் பெட்டி, ஒரு ஹெட்போன். வயர் இல்லாத வகையும் உண்டு. மாட்டுவது சுலபம், ஆனால் வண்டிக்கு அடியில் சுற்றிலும் இரும்பாக இருப்பதால் சிக்னல் அவ்வப்போது அறுபடும். சரியாகச் சத்தம் வரும் நொடியில் அறுந்தால் எரிச்சல்தான். பொறுமை இருந்தால் வயர் உள்ளதே மேல். ஹெட்போனும் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வரும். ஆக்சிலேட்டரில் காலை எடுத்த கணமும் ‘டொக்’ வந்த கணமும் பொருந்தாமல் போகும்.

மெக்கானிக் ஸ்டெதஸ்கோப், அதாவது நுனியில் இரும்புக் கம்பி உள்ள வகை, நிற்கும் வண்டிக்கு மட்டும்தான். அதற்கு இங்கே சிறிய வேடமே, கடைசியில் பார்ப்போம்.

மைக்கை எடுக்கும் முன்

முதலில் காரைக் காலி செய்யுங்கள். டிக்கியில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் அதனதன் இடத்தில் இறுகி இருக்கின்றனவா, ஸ்டெப்னியின் திருகு இறுக்கமா, கதவுப் பையில் சில்லறை, சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில், ஆளில்லாத சீட்டில் தொங்கும் பெல்ட் கொக்கி எல்லாவற்றையும் பாருங்கள். ‘சஸ்பென்ஷன் போயிடுச்சு’ என்று வரும் லொடலொடச் சத்தங்களில் ஜாக்கிக்கு நல்ல பங்கு உண்டு. டயரின் பள்ளங்களில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சிறு கல் தார் ரோட்டில் ‘டக் டக் டக்’ என்று ஆக்ஸில் போன மாதிரியே பேசும். நான்கு டயரிலும் காற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்கு வையுங்கள்.

அடுத்தது, சத்தத்துக்குச் சரியான பெயர். இந்த விஷயத்தில் தமிழ் கை கொடுக்கும். ஊங் என்று வேகத்தோடு ஏறும் இரைச்சல் வேறு, அதற்குள் கரகரப்பு கலந்திருப்பது வேறு. முதலாவது டயராக இருக்கலாம். இரண்டாவது பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். கடகட என்றால் சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் அடுத்தடுத்து வருவது. முதலில் லிங்க் ராடை, அதாவது வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புக் கம்பியைச் சந்தேகிக்கலாம். ஒற்றை ‘டொக்’ என்றால் எதிலோ இடைவெளி விழுந்து, சுமை பக்கம் மாறும்போது மோதுகிறது: சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் ரப்பர் புஷ், இன்ஜின் மவுன்ட், ஆக்ஸிலின் உள் ஜாயின்ட். கீச் என்றால் ரப்பர் அல்லது பெல்ட். கிணுகிணு என்றால் மெல்லிய தகடு. சைலன்சருக்கு மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைத் தட்டிப் பாருங்கள். வண்டிக்காரர் ‘ஒரு மாதிரி சத்தம்’ என்று சொன்னால் விடாதீர்கள். வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

தாளம் உள்ள சத்தமாக இருந்தால் எண்ணிப் பாருங்கள். 185/65 ஆர் 15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 10 கி.மீ. வேகத்தில் அது 10 நொடிக்கு 14 முறை சுற்றும். மெதுவாக ஓட்டி, ஜன்னலை இறக்கி, சுவரோரமாகப் போய் எண்ணுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அந்தப் பக்கச் சக்கரத்தைத் தெளிவாகக் காட்டும். 14-க்குப் பக்கத்தில் வந்தால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று: டயர், டிஸ்க், ஹப் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்), முன்சக்கர இயக்க வண்டியானால் ஆக்ஸில். பின்சக்கர இயக்க வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் இதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதத்தைப் பொறுத்துக் கணக்கு சற்று மாறும். அங்கே எண்ணிக்கை 55-ஐத் தாண்டிவிடும், காதால் எண்ண வராது. வேகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இன்ஜின் சுற்றோடு மட்டும் ஏறி இறங்கினால் சக்கரங்களை மறந்துவிட்டு பானெட்டைத் திறக்கலாம்.

மைக் கவ்வும் இடம்

ஊங் சத்தத்துக்கு, முன்சக்கர இயக்க வண்டியில், ஆறு மைக்கை இப்படிப் பிரிக்கலாம். 1, 2: முன் இடது, முன் வலது நக்கிள், அதாவது பேரிங்கைத் தாங்கும் கனத்த பாகம். 3: கியர்பாக்ஸ் கூட்டின் மேல் உள்ள விளிம்பு. 4, 5: பின் இடது, பின் வலது ஹப்பைத் தாங்கும் இரும்பு. 6: சப்ஃப்ரேம், அதாவது இன்ஜினையும் ஆர்ம்களையும் தாங்கும் அடிச்சட்டம். ஆறாவதில் கோளாறு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மற்றவற்றை ஒப்பிடுவதற்கான அளவுகோல் அது.

இடமும் வலமும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் கவ்வ வேண்டும். இடதில் நக்கிளின் தடித்த பகுதியிலும் வலதில் பிரேக் தூசித் தகட்டிலும் கவ்வினால், தகடு ஆடுவதால் வலதுதான் சத்தமாகக் கேட்கும். நல்ல பேரிங் கழற்றப்படும். கவ்வும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சேறும் துருவும் போக்குங்கள். கவ்வியின் பற்கள் வெறும் இரும்பைக் கடிக்க வேண்டும். தளர்ந்த கவ்வி தானே கடகடவென்று ஆடும். இந்த வேலையில் ஏமாறுவது அதிகமும் இதனால்தான்.

பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் வயர், ஆக்ஸில் பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) இவற்றில் எக்காரணத்துக்காகவும் கவ்வாதீர்கள். சுற்றும் எதிலும் கூடாது. சைலன்சர் குழாய்க்கு அருகிலும் வேண்டாம். வயரின் மேலுறை உருகி உள் இழை வண்டியின் இரும்பைத் தொட்டால் செட்டே போய்விடும்.

வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஸ்டாண்டு போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்த பிறகே போகவும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல.

வயரை இழுத்து வருவதுதான் நேரம் பிடிக்கும். முன் வயர்களை சக்கர வளைவு வழியாக மேலே ஏற்றி, பானெட்டின் பின் மூலை இடுக்கில் வெளியே எடுத்து, பயணி பக்க ஜன்னலின் மேல் ரப்பர் வழியாக உள்ளே விடுங்கள். பின் வயர்களை வெளிப்புறமாகவே கொண்டுவந்து, பெயின்டர்கள் ஓரம் மறைக்கப் பயன்படுத்தும் டேப்பால் ஒட்டலாம், பெயின்டை உரிக்காது. அடியில் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கேபிள் டை. நக்கிளிலிருந்து பாடிக்கு வரும் துண்டில் மட்டும் தாராளமாகத் தளர்வு விடுங்கள். அந்த இடம் மேலும் கீழும் ஆடும், ஸ்டியரிங்கோடு திரும்பவும் செய்யும். மாட்டி முடித்ததும் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி, ஒவ்வொரு மூலையையும் அழுத்தி ஆட்டி, வயர் இழுபடுகிறதா, டயரை உரசுகிறதா என்று பாருங்கள். பானெட் முழுதும் அழுந்திப் பூட்டியிருக்க வேண்டும். வயருக்காக அரைகுறையாக விட்டால் 80 கி.மீ. வேகத்தில் அது கண்ணாடிமேல் வந்து விழும். பவர் விண்டோவையும் பூட்டுங்கள்.

கிளம்பும் முன் தட்டிப் பார்க்கும் சோதனை. ஒருவர் ஹெட்போனோடு உள்ளே, ஒருவர் சிறு ஸ்பேனரோடு வெளியே. வெளியே இருப்பவர் மைக்குக்குப் பக்கத்து இரும்பில் ஒரே பலத்தில் தட்ட, உள்ளே இருப்பவர் எண்ணைச் சொல்ல வேண்டும். எண் மாறியிருந்தால் இப்போதே தெரியும். ஒரு மைக் மட்டும் மந்தமாக இருந்தால் அதுவும் தெரியும். பிறகு 20 கி.மீ. வேகத்தில் 200 மீட்டர் போய் இறங்கி, கவ்விகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ஓட்டும்போது

ஓட்டுபவர் ஹெட்போன் போடக் கூடாது. இதில் விலக்கே இல்லை. கேட்பவர் வேறொருவர், அவரும் பெல்ட் போட்டிருக்க வேண்டும். ஏசி, ரேடியோ, புளோயர் எல்லாம் அணைத்து, ஜன்னலை ஏற்றிவிடுங்கள். ஒலி அளவைக் குறைவில் தொடங்குங்கள். நக்கிளில் உள்ள மைக்குக்குப் பக்கத்தில் ஒரு கல் தெறித்தால் காதுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி இருக்கும். அளவு ஒருமுறை வைத்தபின் எல்லா மைக்குக்கும் அதே அளவுதான். ஒவ்வொன்றுக்கும் ஏற்றி இறக்கினால் ஒப்பீடு செத்தது.

ஆள் நடமாட்டம் குறைந்த நேரான தார் ரோடு, 60 முதல் 80 வரை நிலையான வேகம். ஓட்டுநர் வேகத்தை வாயால் சொல்லிக்கொண்டே வர, கேட்பவர் 1-லிருந்து 6 வரை ஒவ்வொன்றிலும் பத்து நொடி நின்று கேட்க வேண்டும். பிறகு நிலைமையை மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒன்று மட்டும்.

கிளட்சை மிதியுங்கள். இன்ஜின் சுற்று விழுந்தும் சத்தம் அப்படியே தொடர்ந்தால் இன்ஜினுக்குச் சம்பந்தமில்லை. (ஓடும் வண்டியில் சாவியை அணைத்துச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உதவி போய்விடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும், செய்யாதீர்கள்.) ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஒரு மாதிரியும் காலை எடுத்ததும் வேறு மாதிரியும் கேட்டால், பற்சக்கரங்களின் மேல் சுமை மாறும்போது சத்தமும் மாறுகிறது, மூன்றாம் மைக்கைக் கூர்ந்து கேளுங்கள். ரோடு தாரிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும் இடத்தில் சத்தமும் நிறம் மாறினால் டயர். பேரிங்குக்கு ரோடு எதுவானாலும் ஒன்றுதான். பிரேக்கை லேசாகத் தொட்டதும் உரசல் மாறினால் பேடு, டிஸ்க், தூசித் தகடு.

பிறகு, பின்னால் வண்டி இல்லாதபோது, ரோட்டின் அகலத்துக்குள்ளேயே மெல்ல வலமும் இடமும் வளையுங்கள். வலப்பக்கம் திரும்பினால் எடை இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். இடது பேரிங் கெட்டிருந்தால் அப்போது உறுமல் கூடும். இந்த விதி பொதுவாகப் பொருந்தும், ஆனால் முழுதும் நம்ப முடியாது. இக்காலச் சக்கர பேரிங்குகளில் இரண்டு வரிசைக் குண்டுகள் உண்டு. எந்த வரிசை தேய்ந்தது என்பதைப் பொறுத்து விதி தலைகீழாவதும் உண்டு. இதை மட்டும் நம்பி வேலை பார்த்தவர்கள்தான் தவறான பக்கத்தைக் கழற்றுகிறார்கள். வளைவில் உறுமல் மாறுகிறதா என்பதைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் என்பதை மைக்கிடம் கேளுங்கள்.

எது மூலம், எது எதிரொலி

இந்த வேலையின் சாரமே இங்குதான். கெட்ட பேரிங் இடதில் இருந்தாலும் வலது நக்கிளிலும், சப்ஃப்ரேமிலும், கியர்பாக்ஸிலும் அதே உறுமல் கேட்கும். புதிதாகக் கேட்பவர் ‘எல்லாத்துலயும் கேக்குதே’ என்று குழம்புவது இயல்பு.

சத்தத்தின் அளவைவிடக் கூர்மையைக் கேளுங்கள். மூலத்தில் ஒலி முனையோடு இருக்கும்: கரகரப்பில் ஒவ்வொரு மணலும் தனித்தனியாகக் கேட்பது போல. கடந்து வரும் வழியில் புஷ்ஷின் ரப்பரும் போல்ட் இணைப்புகளும் உயர்ந்த ஒலிகளைத் தின்றுவிடும். மறுபக்கம் போய்ச் சேர்வது வெறும் ‘ம்ம்ம்’. பக்கத்து அறையில் பேசுவதைச் சுவர் வழியாகக் கேட்பது போல அது இருக்கும். மந்தமாக, ஆனால் உரக்கக் கேட்கும் மைக்கைவிட, சற்றுத் தணிந்தாலும் கூர்மையாகக் கேட்கும் மைக்கை நம்புங்கள்.

சந்தேகம் ஓரிடத்தில் நின்றதும் இரண்டு மைக்கை இடம் மாற்றுங்கள். 1 இருந்த இடத்தில் 2. சத்தம் இடத்தோடு நின்றால் பாகம் கெட்டது. மைக்கோடு கூடவே போனால் மைக் கெட்டது. பத்து நிமிட வேலைதான், சோம்பலால் விட்டுவிடாதீர்கள். பின்பு வட்டத்தைச் சுருக்குங்கள்: எல்லா மைக்கையும் அந்த ஒரு மூலைக்குக் கொண்டுவந்து நக்கிள், பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பர், லோயர் ஆர்ம், ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ட்ரட் என்று பரப்பி, மறுபடி ஓட்டம்.

வேகத்தடைச் சத்தங்கள்

டொக், லொடக் வகைக்கு மைக் வைக்கும் இடம் வேறு: ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், லிங்க் ராடின் மேல் முனைக்குப் பக்கம், லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் பக்கம், அதே ஆர்மின் புஷ் பக்கம், ஸ்டியரிங் ரேக்கைப் பிடிக்கும் பட்டை, இன்ஜின் மவுன்ட். 15 கி.மீ. வேகத்தில் முதலில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்து. ஒரு பக்கம் ஏறும்போது மட்டும் கடகடத்து, இரண்டும் சேர்ந்து ஏறும்போது அடங்கினால் ஸ்டெபிலைசர் பார், அதன் லிங்க், அதன் புஷ் இவற்றில் ஒன்று. இரண்டும் ஒன்றாக ஏறினால் அந்தப் பார் முறுக்கிக்கொள்வதில்லை, புஷ்ஷுக்குள் வெறுமனே சுழலும்.

ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து, காலி மைதானத்தில் வட்டமடித்து ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ‘டக் டக் டக்’ வந்தால் ஆக்ஸிலின் சக்கரப் பக்கத்து வெளி ஜாயின்ட். இதற்கு மைக்கே வேண்டாம். பெரும்பாலும் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும்.

கீச்சிடும் புஷ்ஷைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகச் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து அடித்துப் பார்க்கலாம். இன்ஜின் ஆயில் வேண்டாம்; பல வகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும்.

செலவில்லாத வழி

செட் வாங்க மனமில்லை என்றால் 27 மில்லிமீட்டர் பியசோ தகட்டை, அதாவது அதிர்வை மின்சாரமாக்கும் வட்டத் தகட்டை, முதலைவாய்க் கவ்வியில் எபாக்ஸியால் ஒட்டி, கவசம் சுற்றிய வயரில் ரெக்கார்டருக்குக் கொண்டுபோகலாம். பலர் செய்து பார்த்து, ‘வெறும் இரைச்சல்தான், அடித்தொனியே வரவில்லை’ என்று தூக்கி எறிவார்கள். காரணம் எளிது. அந்தத் தகடு சுமார் 20 நானோஃபாரட் மின்தேக்கி போல நடந்துகொள்கிறது. 2.2 கிலோஓம் மைக் வாயிலில் செருகினால் ஏறக்குறைய 3,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாக வடிந்துபோகும். பேரிங்கின் உறுமல் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஒரு மெகாஓம் உள்வாங்கும் எஃப்இடி பஃபர் ஒன்றை, அதாவது சிக்னலை வடியவிடாமல் கடத்தும் சிறு மின்சுற்றை, இடையில் போட்டால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இடது, வலது தடங்களில் இரு தகடுகளைப் பதிவு செய்தால் ஒப்பீடும் தயார்.

போன் மட்டும் இருந்தால், பதிவு செயலியில் இரைச்சல் குறைப்பையும் தானியங்கி ஒலியளவையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் தேடும் சத்தத்தையே இரைச்சல் என்று அது துடைத்துவிடும். போனை உள்ளே எங்கே வைத்தாலும் இடம் தெரியாது. தாளத்தையும் ஹெர்ட்ஸையும் அளக்க மட்டும் உதவும். அதுவும் சில சமயம் போதும். மேலே சொன்ன டயரில் 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8.5 முறை சுற்றும். நாலு சிலிண்டர் இன்ஜின் 2,400 சுற்றில் நொடிக்கு 80 முறை வெடிக்கும். செயலி காட்டும் அதிர்வெண் வரைபடத்தில் 80 ஹெர்ட்ஸில் ஒரு முகடு நின்றால் அது இன்ஜினுடையது.

நிற்கும்போது கேட்க வேண்டியவை

சத்தம் இன்ஜின் பக்கம் என்று முடிவானால் ஸ்டெதஸ்கோப்பை எடுங்கள். கம்பியை ஆல்டர்னேட்டர் கூடு, பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர், அதை இறுக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் இவற்றின் சுற்றாத போல்ட் தலையில் வையுங்கள். சட்டைக் கை, தாவணி, கழுத்துப் பட்டை எதுவும் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும். காற்று கசியும் ‘ஸ்ஸ்’ஸுக்குக் கம்பி உதவாது, அதைக் கழற்றி வெறும் குழாய் நுனியை இணைப்புகளின் ஓரமாக நகர்த்துங்கள். பெல்ட் கீச்சிட்டால், விலா உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று அடங்கி மீண்டும் வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. இன்னும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இழுவிசை போதவில்லை.

கழற்றும் முன், மாற்றிய பின்

மைக் காட்டிய சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும்: ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பிறகு ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள்; பேரிங்கின் கரகரப்பு விரலில் தட்டும். மைக், கை இரண்டும் ஒரே பக்கம் காட்டினால் பாகத்தை வாங்கலாம். பேரிங்கில் ஆட்டம் தெரிந்துவிட்டால் அந்த வண்டியை மேலே ஓட்ட வேண்டாம்.

புதுப் பேரிங்கின் ஒரு பக்க சீலில் ஏபிஎஸ்ஸுக்கான காந்த வளையம் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, இரும்பு பேப்பர் கிளிப்பைக் காட்டினால் ஒட்டும். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் சத்தம் போய்விடும், டேஷ்போர்டில் விளக்கு வந்துவிடும். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், பிரஸ்ஸில் நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்துங்கள். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போடும். ஆயிரம் கிலோமீட்டருக்குள் அதே ஊங் திரும்பும். ஹப் நட்டுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்), கம்பெனி கையேட்டில் உள்ள அளவு.

மைக்குகளைக் கழற்றாமலேயே அதே ரோட்டில், அதே வேகத்தில் இன்னொரு ஓட்டம் போய், பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். அதன்பின் கவ்விகளை எண்ணிக் கழற்றி, வெட்டிய கேபிள் டை துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள். சப்ஃப்ரேமுக்குள் விட்டுப்போன ஒரு துண்டு அடுத்த வாரம் கிணுகிணுத்தால் அதற்கு மறுபடி ஆறு மைக்கையும் மாட்ட வேண்டியிருக்கும்.